வயர்தானே என்று விட்டுவிடாதீர்கள்: விமான எஞ்சின் ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷன் தெரிவு செய்யும் முறை

மருமகன் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து அழைத்தபோது இங்கே காலை ஆறரை, அங்கே முதல்நாள் இரவு ஏழு. நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, ஒரு சின்னச் சந்தேகம். பிளேன் எஞ்சினைச் சூடாக்குற ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வேணும். கடையில ஒரே நீளத்தில மலிவாயும் இருக்கு, நாலு மடங்கு விலையிலயும் இருக்கு. ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ளதானே போகுது?"

அவனும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு நாலு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நானோ யாழ்ப்பாணத்தில் வீட்டு வயரிங் செய்பவன். பலாலிக்கு இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அதன் எஞ்சினைத் தொட்டதில்லை. ஆனாலும் அவன் கேட்ட கேள்வி எனக்குப் பழக்கமானதுதான். உரும்பிராயில் வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுச் சுவரிலிருந்து 60 மீற்றர் தள்ளி நிற்கும் கிணற்று மோட்டருக்கு வயர் இழுக்கும்போது கேட்பதும் இதைத்தான். எனவே அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கனடாவில் விமானம் வைத்திருப்பவருக்கும் இது உதவும், கோப்பாயில் மோட்டர் வைத்திருப்பவருக்கும் உதவும்.

எஞ்சினுக்கு எதற்குச் சூடு?

மார்கழிப் பனிக்கே காதில் மஃப்ளர் கட்டும் எங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். வின்னிபெக்கில் தை மாத இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போவது சாதாரணம். அந்தக் குளிரில் எஞ்சின் ஒயில் பாணி மாதிரித் தடித்துவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேராது. இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சினின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே சுழலும் தண்டு உருக்கு. குளிரில் அலுமினியம் உருக்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். ஆகவே தண்டைத் தாங்கும் பெயரிங்கில் இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி இன்னும் இறுகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரேயொரு குளிர் ஸ்டார்ட்டே எஞ்சினைத் தின்றுவிடும்.

அதனால்தான் எஞ்சின் செய்பவர்களே எல்லை சொல்லியிருக்கிறார்கள். லைகமிங் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு -12 பாகை செல்சியஸ், கொண்டினென்டலுக்கு -7. அதற்குக் கீழே போனால் முதலில் சூடாக்கு, பிறகு ஸ்டார்ட் செய். சூடாக்கும் கருவி பெரிய மாயமில்லை. ஒயில் தொட்டியின் அடியில் ஒட்டிய ஒரு தகடு, சிலிண்டர்களைச் சுற்றிய பட்டிகள், எல்லாம் எங்கள் வீட்டு இஸ்திரிக்கைப் பெட்டியின் கொயில் மாதிரிதான். எஞ்சினுக்கு மேல் போர்வை போட்டு மூடி, பல மணி நேரம், அநேகமாக இரவு முழுக்க விட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். துரப்பணம் பிடிக்கும் தச்சரின் வயர் பத்து நிமிடம் வேலை செய்து பத்து நிமிடம் ஆறும். அது சுட்டால் கையில் பிடித்திருப்பவருக்குத் தெரியும். ஹீட்டர் வயருக்கு அந்த ஓய்வு இல்லை, பார்க்க ஆளும் இல்லை. பத்து மணி நேரம் பூட்டிய விமானக் கொட்டகைக்குள் தனியே கிடக்கும். அப்படிக் கிடக்கப்போகும் வயரைத் தெரிவு செய்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

முதலாவது வேலை: வாட்டைப் பார்

ஹீட்டரின் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். ஒயில் தொட்டித் தகடு மட்டும் என்றால் சில நூறு வாட், சிலிண்டர் பட்டிகளும் சேர்ந்தால் அதைவிடக் கூட. மருமகனுடையது 600. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 600ஐ 120ஆல் பிரித்தால் 5 அம்பியர். அதே 600 வாட்டை எங்கள் 230 வோல்ட்டில் ஓட்டினால் 2.6 அம்பியர்தான்.

இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. ஒரே வாட், ஒரே நீளம், ஒரே வயர் என்று வைத்துக்கொண்டால், வோல்ட் பாதியானதும் கறண்ட் இரட்டிக்கிறது. வயரில் இழக்கும் வோல்ட்டும் இரட்டிக்கிறது. கையில் இருக்கும் வோல்ட்டோ பாதி. ஆக இழப்பின் வீதம் நாலு மடங்கு. யாழ்ப்பாணத்தில் பழகிய கண்ணோடு கனடாவில் வயர் வாங்கினால் மெலிந்ததைத்தான் எடுப்போம். (அங்கே போன எங்கள் ஆட்கள் பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள்.)

வயரின் மறுமுனையில் வேறு எதுவும் கொழுவப் போகிறீர்களா என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். பற்றரி சார்ஜரும் ஒரு பல்ப்பும் பரவாயில்லை. ஆனால் விமானத்துக்குள் இருக்கையைச் சூடாக்க 1500 வாட் சின்ன ஹீட்டர் ஒன்றையும் அதே வயரில் கொழுவினால் அது தனியே 12.5 அம்பியர். அங்கே 15 அம்பியர் பிரேக்கர் உள்ள இணைப்பில் மணிக்கணக்காக ஓடும் சுமையை 12 அம்பியருக்குள் வைக்க வேண்டும் என்பது நடைமுறை. இருக்கை ஹீட்டருக்கு வேறு வழி பார்க்கச் சொன்னேன்.

இரண்டாவது: நீளமும் தடிப்பும்

இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. "நல்ல தடிப்பான வயர்" என்ற பேச்சே தனியே அர்த்தமில்லாதது. எத்தனை மீற்றருக்குத் தடிப்பு?

தடிப்பை நாங்கள் சதுர மில்லிமீற்றரில் சொல்கிறோம்: 1.5, 2.5, 4. அங்கே கேஜ் இலக்கம். அது தலைகீழ்க் கணக்கு, இலக்கம் கூடக் கூட வயர் மெலியும். 16ஆம் கேஜ் ஏறக்குறைய 1.3 சதுர மில்லிமீற்றர், 14 என்பது 2.1, 12 என்பது 3.3, 10 என்பது 5.3. கடையில் மலிவாக இருந்தது 16ஆம் கேஜ். விலை கூடியது 12.

மருமகனின் கொட்டகையில் சுவர் பிளக்கிலிருந்து எஞ்சின் மூக்குவரை நேர்கோட்டில் 18 மீற்றராம். நேர்கோட்டை வைத்து வாங்காதே என்றேன். கதவைச் சுற்றி, சுவரோரமாக, கால் இடறாமல் கொண்டுபோனால் எவ்வளவு என்று கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். 27 மீற்றர் வந்தது. ஆகவே 100 அடி வயர், அதாவது 30 மீற்றரும் கொஞ்சமும். கறண்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் கணக்குக்கு 200 அடி.

இனிக் கணக்கு. 16ஆம் கேஜில் 200 அடிக்குத் தடை 0.8 ஓம். 5 அம்பியர் ஓடினால் 4 வோல்ட் வயரிலேயே போய்விடும், நூற்றுக்கு மூன்றுக்கு மேல். ஹீட்டரின் சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால் நட்டம் அதன் இரட்டிப்பு: 600 வாட் ஹீட்டர் 560 சொச்சத்துக்கு இறங்கிவிடும். 1000 வாட் ஹீட்டர் என்றால் அதே வயரில் ஏறக்குறைய 900தான் எஞ்சினுக்குப் போய்ச் சேரும். 12ஆம் கேஜில் தடை 0.32 ஓம், 600 வாட்டுக்கு இழப்பு 1.6 வோல்ட். போனால் போகட்டும் என்று விடக்கூடிய அளவு.

நான் வைத்திருக்கும் எல்லை நூற்றுக்கு மூன்று. அதைத் தாண்டினால் ஒரு படி தடிப்பு கூட்டு. மருமகனுக்குச் சுருக்கமாகச் சொன்னது: 50 அடி என்றால் 14, 100 அடி என்றால் 12, 16ஐக் கிறிஸ்மஸ் பல்ப்புக்கு வைத்துக்கொள். கணக்கைப் பிடித்துப் பார்த்தால் 600 வாட்டுக்கு 100 அடியில் 14ஆம் கேஜ்கூடத் தேறும். ஆனால் வயர் வாங்குவது ஒரு தரம். நாளைக்குப் பெரிய ஹீட்டர் பூட்டினால் பழைய வயரையேதான் கொழுவப் போகிறான், எனக்குத் தெரியும்.

இரண்டு 50 அடி வயரைப் பிணைத்து 100 அடியாக்குவதும் வேண்டாம். நடுவில் வரும் இணைப்பு ஒவ்வொன்றும் சூடாகக்கூடிய புதிய இடம்.

கிணற்று மோட்டருக்கு இதே கணக்கு இன்னும் கடுமை. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆறு, ஆறரை அம்பியர் இழுக்கும். 60 மீற்றருக்கு 1.5 வயர் போட்டால் போக வரத் தடை 1.6 ஓம், இழப்பு 10 வோல்ட். இதோடு நின்றால் சமாளிக்கலாம். ஆனால் மோட்டர் எழும்பும் அந்த ஒரு கணத்தில் ஐந்து, ஆறு மடங்கு கறண்ட் கேட்கும். அப்போது வயரிலேயே 40 வோல்ட்டுக்கு மேல் விழுந்து, மோட்டரின் எழும்பும் பலம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பின்னேரத்தில் ஊர் முழுக்க லைட் போட்டு லைனிலேயே வோல்ட் இறங்கியிருந்தால் கதை முடிந்தது. மோட்டர் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும், கொயில் கருகும், ரீவைண்டிங் காசு வயர்க் காசைவிடக் கூட வரும். அந்தத் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் போடுங்கள் என்று நான் சொன்னால் "வயரிங்காரருக்குக் கமிசன்" என்று சிரிப்பார்கள். போட்டவர்கள் பிறகு சிரிப்பதில்லை.

ஒரு சுவாரசியம்: செம்பின் தடை 20 பாகையில் அளந்ததைவிட -20 பாகையில் ஏறக்குறைய நூற்றுக்கு 16 குறையும். பங்குனி வெயிலில் சீமெந்துத் தரையில் கிடந்து 60 பாகைக்கு ஏறினால் அதேயளவு கூடும். குளிர் மருமகன் பக்கம், வெயில் எங்களுக்கு எதிர்ப்பக்கம்.

சுருட்டி வைத்த வயர்

கொக்குவிலில் ஒரு கலியாண வீடு. 50 மீற்றர் ரீல் ஒன்றை யாரோ கொண்டுவந்து, பத்து மீற்றரை மட்டும் இழுத்து, தேத்தண்ணி போயிலரைக் கொழுவிவிட்டுப் போய்விட்டார்கள். மீதி நாற்பது மீற்றர் உருளையில் இறுகச் சுற்றியபடி. மேலே யாரோ பாயையும் போட்டிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் குசினிப் பக்கம் மணத்தது. கறி அடிப்பிடித்தது என்றுதான் முதலில் நினைத்தோம். ரீலைத் திறந்து பார்த்தால், குட்டானுக்குள் உருகிப்போன பனங்கட்டி மாதிரி உள்சுற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன.

பியூஸ் ஏன் போகவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார். ஏன் போக வேண்டும்? போயிலர் 2000 வாட், ஒன்பது அம்பியருக்குக் கீழே. பிளக்கில் இருந்தது 13 அம்பியர் பியூஸ். பியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சுற்றுக்குள் அடைபட்ட சூட்டை அது அறியாது. நல்ல ரீல்களில் இரண்டு அளவு எழுதியிருக்கும், முழுக்க விரித்தால் இவ்வளவு, சுருட்டியபடி என்றால் இவ்வளவு என்று. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதின் பாதிகூட வராது. ஹீட்டருக்கு ரீலே வேண்டாம். மிஞ்சும் வயரைப் பெரிய வளையங்களாகத் தளர்வாகப் பரப்பி விடுங்கள்.

உறை

கனடாக் குளிருக்கு இது முக்கியம், எங்களுக்கு அவ்வளவில்லை. சாதாரண பி.வி.சி. உறை -20க்குக் கீழே மூங்கில் தடி மாதிரி விறைக்கும். விறைத்ததை மடக்கினால் வெடிக்கும். வயரின் மேல் நீளத்துக்கு அச்சிட்ட எழுத்துகளைப் பாருங்கள். எஸ்.ஜே.டி.டபிள்யூ. என்றிருந்தால் பி.வி.சி. வகை. எஸ்.ஜே.இ.ஓ.டபிள்யூ. என்றிருந்தால் இறப்பர் மாதிரி இளகும், ஒயில் பட்டாலும் தாங்கும் வகை. டபிள்யூ என்ற எழுத்து வெளியில் பாவிக்கலாம் என்பதற்கு. அது இல்லாததை எடுக்க வேண்டாம். குளிர் தாங்கும் அளவையும் சில வயர்களில் -40, -50 என்று போட்டிருப்பார்கள். நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ, பனியில் தெரியக்கூடியதாக.

இங்கே தோட்டத்துக்கென்றால் இறப்பர் உறைபோட்ட வளையும் வயர். வீட்டுச் சுவருக்குள் போகும் 7/0.67 வயரில் பிளக் பூட்டி எக்ஸ்டென்ஷன் செய்து வைத்திருப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அளவு 2.5தான், பிழையில்லை. ஆனால் ஏழே ஏழு தடித்த கம்பி, தினமும் சுருட்டி விரித்தால் உள்ளுக்குள் ஒவ்வொன்றாக முறியும். வளையும் 2.5 வயரில் 0.25 மில்லிமீற்றர் இழை 50 இருக்கும். சந்தேகமென்றால் நுனியைச் சீவி எண்ணிப் பாருங்கள், நான் எண்ணியிருக்கிறேன். அப்படியே ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை ஒன்றரை மடங்கு. மேலே எழுதிய கணக்கு ஒன்றும் அதற்குப் பொருந்தாது, கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

முனைகள்

வயர் நடுவில் எரிவது அபூர்வம். எரிவது முனையில். என் மேசை லாச்சியில் கருகின பிளக்குகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதை, ஆணி தளர்ந்து, பித்தளை கறுத்து, பிளாஸ்டிக் ஒருபக்கம் சாய்ந்து. தொடுகை தளர்ந்தால் அங்கே தடை. தடை இருந்தால் சூடு. சூட்டில் இன்னும் தளரும்.

ஆகவே வார்த்தெடுத்த, பிரிக்க முடியாத முனையாக வாங்குங்கள். கொழுவும்போது இறுக்கமாகப் போக வேண்டும். தானாகக் கழன்று தொங்கினால் வயரா சுவர்ப் பிளக்கா பிழை என்று பார்த்து மாற்றுங்கள். முனையில் சின்ன லைட் எரியும் வகை நல்லது, இருட்டுக் கொட்டகையில் கறண்ட் வருகிறதா என்று தெரியும். ஆனால் லைட் எரிகிறது என்பதற்காக ஹீட்டர் வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள்.

நிலத்தொடுப்பு (எர்த்) முனை கட்டாயம். ஹீட்டர் ஒட்டியிருப்பது உலோக எஞ்சினில். எங்கள் ஊரில் சதுர முனை பிளக்பேஸில் இரண்டு முனை பிளக்கைக் கொழுவ, மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தித் திறப்பார்களே, அந்த வித்தையைக் கிணற்றடியில் செய்தவரை நான் ஏசாமல் விட்டதில்லை. ஈரக் கால், உலோக மோட்டர், எர்த் இல்லை. எங்களுக்குக் கறண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறது. அங்கே வெளிப்புறப் பிளக்குகளில் வருவது 5 மில்லி அம்பியரிலேயே விழும். அது அடிக்கடி விழுந்தால் தொந்தரவு என்று வேறு பிளக்குக்கு மாறாமல், ஈரம் எங்கே புகுகிறது என்று தேடுங்கள்.

கொழுவும் ஒழுங்கு

விமானப் பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு தவழும். அமெரிக்க மின் விதிக்கோவை விமானக் கொட்டகையில் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரம் வரையும், எஞ்சினையும் எரிபொருள் தாங்கியையும் சுற்றி ஒன்றரை மீற்றர் வரையும் தீப்பற்றக்கூடிய இடமென்றே கொள்கிறது. பிளக்கைக் கொழுவும்போதும் இழுக்கும்போதும் சின்னப் பொறி பறக்கும். அது எஞ்சினுக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது.

முதலில் ஹீட்டர் முனையை வயரோடு கொழுவு. அப்புறம் நடந்துபோய்ச் சுவரில் கொழுவு. காலையில் மறுபக்கமாக: முதலில் சுவர், பிறகு எஞ்சின். இணைப்பு தரையில் கிடக்காமல் ஒரு கொக்கியில் உயர்த்தித் தொங்கவிடு. எரிபொருள் மணத்தால் கொழுவவே வேண்டாம், கதவைத் திறந்துவிட்டு ஏன் என்று பார்.

வயரைக் கழற்ற மறந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்பவர்களும் உண்டு. முன்னுக்குச் சுழல்வது விசிறியல்ல. விமானத்தின் திறப்பைச் சுவர்ப் பிளக்குக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிடச் சொன்னேன். திறப்பை எடுக்கப் போகிறவன் வயரைப் பார்க்காமல் வர முடியாது.

முதல் இரவு

புது வயரைக் கொழுவிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். வோல்ட் மீற்றர் இருந்தால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் வோல்ட் அளந்து, பிறகு மறுமுனையில் அளந்து பாருங்கள். ஹீட்டர் ஓடாமல் அளந்தால் எவ்வளவு மெலிந்த வயரும் முழு வோல்ட்டைக் காட்டும், அதை நம்பி ஏமாந்தவர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள். மீற்றர் இல்லையென்றால் கைதான் மீற்றர். முதலில் இரண்டு முனைகள், பிறகு வயரின் நடு. இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாமல் சுட்டால் உடனே கழற்ற வேண்டும்.

மருமகன் 12ஆம் கேஜே வாங்கினான். போன கிழமை படம் அனுப்பினான்: சுவரில் 119.2 வோல்ட், எஞ்சின் பக்கம் 117.6. கணக்கில் வந்த அதே 1.6. "முனையில கை வச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். வெளியில -26, கையுறை கழற்றேலாது மாமா என்று பதில் வந்தது. கழற்றிப் பார்த்துவிட்டு எழுது என்றேன். இன்னும் எழுதவில்லை.